வீட்டுக்குள் குழந்தைகளைப் படம் எடுக்கக் கையடக்கக் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

வணக்கம். கைப்பையில் அடங்கக்கூடிய ஒரு டிஜிட்டல் கேமரா வாங்க எண்ணியிருக்கிறேன். பெரும்பாலும் வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில், ஓரிடத்தில் நில்லாத குழந்தைகளைத்தான் எடுக்கப்போகிறேன், பயணங்களுக்கும் கொண்டுசெல்வேன். கைப்பேசியில் எடுத்தால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகிவிடுகின்றன, ஓடும் குழந்தையின் கைகால்கள் கலங்கிவிடுகின்றன. விசாரித்தால் ஒருவர் மெகாபிக்சலைப் பார்க்கச் சொல்கிறார், இன்னொருவர் 30 மடங்கு ஜூமைப் பார்க்கச் சொல்கிறார். எதற்கு முதலிடம் கொடுப்பது? ஒருவர் பயன்படுத்திய கேமராவை வாங்கலாமா? லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்களைச் சுமக்க விருப்பமில்லை.

பதில் 1

நீங்கள் எடுக்கப்போகும் படங்கள் எவை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டதால் பாதி வேலை முடிந்துவிட்டது. உங்கள் தேவைக்கு முதலில் பார்க்கவேண்டியது ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் பரப்பு, அடுத்தது ஒளி உள்ளே நுழையும் லென்ஸின் துளை அளவு. மெகாபிக்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நல்ல தரத்தில் அச்சிடுவதற்கே 9 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. இன்று விற்பனையில் உள்ள பெயர்பெற்ற கேமராக்கள் பெரும்பாலும் இதைத் தாண்டியவை.

30 மடங்கு ஜூம் கொண்ட சிறிய கேமராக்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குல வகைச் சென்சார் இருக்கும். அதன் அளவு ஏறத்தாழ 6.2×4.6 மில்லிமீட்டர்தான். 1 அங்குல வகை எனப்படுவது (இது பெயர்தான், உண்மையான அளவல்ல) 13.2×8.8 மில்லிமீட்டர், அதாவது நான்கு மடங்குப் பரப்பு. கைப்பேசிகளின் முதன்மைக் கேமராக்களிலேயே 1/2.3 அங்குலத்தைவிடப் பெரிய சென்சார்கள் வந்துவிட்ட நிலையில், அந்தச் சிறிய சென்சாருக்காகத் தனியே ஒரு கேமரா வாங்கினால் ஜூம் ஒன்றைத் தவிர உங்களுக்கு வேறு எதுவும் கூடுதலாகக் கிடைக்காது. வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் இப்போது இருப்பதைவிட மோசமாகவும் வரக்கூடும்.

லென்ஸைப் பொறுத்தவரை, பெட்டியின்மேல் எழுதியிருக்கும் முதல் எஃப் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எஃப் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது, உள்ளே வரும் ஒளியும் அதிகம். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 கேமராவின் லென்ஸ், அகலக் கோணத்தில் எஃப்/1.8, முழு ஜூமில் எஃப்/4.9. 2016-இல் வந்த கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2 கேமராவில் அகலக் கோணத்தில் அதே எஃப்/1.8 இருந்தாலும், முழு ஜூமில் எஃப்/2.8 வரை திறக்கிறது. இரண்டிலும் 1 அங்குலச் சென்சார். இரண்டின் ஜூமும் 100 மில்லிமீட்டருக்கு இணையான குவியத் தொலைவு வரை செல்கிறது (இந்த எண் கூடக்கூடக் காட்சி நெருங்கித் தெரியும்). ஆனால் அந்த முழு ஜூமில் இரண்டாவது லென்ஸ் மூன்று மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. முதலாவதில் 1/60 வினாடியில் எடுக்கவேண்டிய படத்தை இதில் ஏறத்தாழ 1/180 வினாடியில் எடுத்துவிடலாம். ஓடும் குழந்தையின் கை கலங்குவதும் கலங்காததும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி நம் கையின் அசைவுக்குத்தான் உதவும், எதிரில் ஓடுபவரின் அசைவுக்கு அது உதவாது. டிஜிட்டல் ஜூம் என்பதோ படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே; அந்த எண்ணை முற்றிலும் மறந்துவிடுங்கள்.

பதில் 2

முந்தைய பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒன்றை அவர் விட்டுவிட்டார். குழந்தைகள் என்றால் ஃபோகஸ் வேகமும் சமமான முக்கியத்துவம் உடையது. அவர் குறிப்பிட்ட இரு கேமராக்களும் படத்தின் ஒளி-இருள் மாறுபாட்டை அளந்து, முன்னும் பின்னும் தேடித்தான் ஃபோகஸைப் பிடிக்கின்றன. நம்மை நோக்கி ஓடிவரும் குழந்தையை அந்த முறை அடிக்கடி தவறவிடும். 2016-இல் வந்த ஆர்எக்ஸ்100-இன் ஐந்தாம் தலைமுறையில் சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்ஷன் (phase detection; முகம் கண்டறிவது அல்ல) புள்ளிகள் இருப்பதால், எந்தத் திசையில் எவ்வளவு நகரவேண்டும் என்பதை அது ஒரே அளவீட்டில் கணித்துவிடுகிறது. அதன் லென்ஸும் எஃப்/1.8 முதல் எஃப்/2.8 வரைதான், ஜூம் மட்டும் 70 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். தொடுதிரையும் இல்லை, இது சிலருக்குப் பெரிய குறையாகத் தோன்றலாம்.

இன்னும் பெரிய சென்சார் வேண்டுமென்றால், 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3 போன்ற, ஜூமே இல்லாத கேமராக்கள் இருக்கின்றன. படங்கள் மிக அருமையாக இருக்கும் என்றாலும், அதில் உள்ளமைந்த ஃபிளாஷ் இல்லை என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். எதை வாங்கினாலும் கையில் பிடித்து, ஷட்டரை அழுத்தி, அது எவ்வளவு தாமதித்துப் பதிவு செய்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

பதில் 3

பயன்படுத்திய கேமராவைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் நேரில் சோதித்துப் பார்த்தபிறகே வாங்கவேண்டும். உங்களுடைய மெமரி கார்டைக் கொண்டுசெல்லுங்கள். பலமுறை அணைத்து இயக்கி, லென்ஸ் தடுமாறாமல், கரகர ஓசை இல்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று கவனியுங்கள். இவ்வகைக் கேமராக்களில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான். அடுத்ததாக, துளையை எஃப்/11 போன்ற மிகச் சிறிய அளவில் வைத்து ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரின்மேல் தூசி படிந்திருக்கிறது என்று பொருள். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் முழுவதும் பிரித்துத்தான் அதைத் துடைக்கமுடியும், செலவும் அதிகம். சுவரில் தட்டையாக ஒட்டிய செய்தித்தாள் பக்கம் ஒன்றை நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் சாய்ந்திருக்கக்கூடும்.

பேட்டரி உப்பியிருக்கிறதா, அது இன்னும் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் சிலவற்றில் எக்ஸ்டி வகைக் கார்டு மட்டுமே பொருந்தும், அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. புதிதாக வாங்கினால், உத்தரவாதம் நீங்கள் வாழும் நாட்டில் செல்லுமா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர்எக்ஸ்100-இன் ஐந்தாம் தலைமுறையைப் பயன்படுத்திய நிலையில் தேடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: முகங்கள் வழவழப்பாவது கேமரா மாற்றினால் மட்டும் போய்விடுமா, அல்லது கேமரா மெருகேற்றாத மூலப்பதிவான ரா வடிவில் எடுத்தால்தான் போகுமா?

பதில் 1

இரண்டுமே உதவும். குறைந்த வெளிச்சத்தில் தோன்றும் புள்ளிகளை அழிப்பதற்காகக் கேமரா செய்யும் மென்மையாக்கலில்தான் தோலின் நுண்விவரம் கரைந்துபோகிறது. பெரிய சென்சாரில் புள்ளிகள் குறைவு என்பதால் அழிப்பதும் குறைகிறது. வழக்கமான ஜேபெக் வடிவில் எடுப்பதானால், இரைச்சல் எனப்படும் அந்தப் புள்ளிகளை நீக்கும் அமைப்பைக் குறைந்த அளவுக்கு மாற்றிவிடுங்கள், அதிலேயே நல்ல வேறுபாடு தெரியும். ரா வடிவில் அந்த மென்மையாக்கலின் அளவை நீங்களே தீர்மானிக்கலாம், மஞ்சள் விளக்கும் வெள்ளை விளக்கும் கலந்த அறையில் நிறத்தைத் திருத்துவதும் எளிது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் கணினியில் உட்கார்ந்து சரிசெய்யும் பொறுமை வேண்டும். தொடக்கத்தில் இரண்டு வடிவங்களிலும் சேமிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை ஷட்டர் முன்னுரிமையில் (படம் பதியும் நேரத்தை நாமே முடிவு செய்யும் முறை) 1/250 வினாடிக்கு அமைத்து, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, அதன் உச்ச வரம்பை 3200-இல் நிறுத்துங்கள். அப்படியும் படம் இருண்டால் 1/125 வரை இறங்கலாம், அல்லது குழந்தைகளைச் சன்னல் பக்கம் விளையாடவிடலாம்.