ரஸ்ட் → பைத்தான்: ஸ்ட்ரிங்கை யார் விடுவிக்கணும்?

ராம்_தின்னி: ரஸ்ட் மொழியில் ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி எழுதி, பைத்தானில் சிடைப்ஸ் (சி பாணி நூலகங்களைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவுற தொகுதி) வழியா கூப்பிடுறேன். விடையை சிஸ்ட்ரிங்கா (சி பாணி உரை) வச்சு, இன்ட்டு_ரா போட்டு அதோட பாய்ண்டரை (நினைவக முகவரி) திருப்பித் தர்றேன், ரெஸ்டைப் (திரும்பி வர்ற மதிப்பின் வகை) சி_சார்_பி. விடை சரியாத்தான் வருது. ஆனா ராத்திரி ஓடவிட்டா விடியுறதுக்குள்ள ராம் காலி.

பழைய_சி_ஆள்: சி_சார்_பி வச்சா சிடைப்ஸ் பைட்ஸா நகலெடுத்துக் கொடுத்துட்டு பாய்ண்டரைத் தூக்கிப் போட்டுடும். அப்புறம் எதை விடுவிப்பீங்க? சி_வாய்ட்_பி-யா (வெறும் முகவரியா) வாங்குங்க, படிச்சதும் ஃப்ரீ (நினைவகத்தை விடுவிக்கிற சி ஃபங்ஷன்) பண்ணுங்க.

நண்டுப்பிடி: முதல் பாதி சரி. ஃப்ரீ மட்டும் வேண்டாம் அண்ணே. இன்ட்டு_ரா கொடுத்ததை ஃப்ரம்_ரா-தான் திரும்ப வாங்கணும்னு ஆவணத்திலேயே இருக்கு. இன்னிக்கு ரஸ்ட் நினைவகம் வாங்குறது சிஸ்டம் அலகேட்டர்கிட்டங்கிறதால ஃப்ரீ வேலை செய்யுற மாதிரி தெரியும். நாளைக்கு யாராவது ஜெமாலக்னு வேற அலகேட்டரைச் சேர்த்தா வெடிக்கும். ரஸ்டிலேயே 'விடுவி'ன்னு ஒரு ஃபங்ஷன் வைங்க. இன்னொண்ணு, உரை முடியுற இடத்தைக் காட்ட பூஜ்ய பைட்டை நம்பாதீங்க. பிடிஎஃப்ல இருந்து ஒட்டின உரையில நடுவுல ஒரு பூஜ்யம் இருந்தா சிஸ்ட்ரிங் பிழை தரும், அந்தப் பிழையைக் கவனிக்காம அன்ராப் போட்டிருந்தா பேனிக் ஆகி நின்னுடும். பாய்ண்டரும் நீளமும் சேர்த்து அனுப்புங்க.

பழைய_சி_ஆள்: ஃப்ரீ விஷயத்துல என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா நீளம்னா எந்த நீளம்? 'தமிழ்' கண்ணுக்கு 3 எழுத்து, பைத்தான் லென் (யூனிகோடு குறிகளை எண்ணுற ஃபங்ஷன்) 5, யூடிஎஃப்-8ல 15 பைட். லென் கொடுத்த 5-ஐ அப்படியே அனுப்பினா 'த' முழுசாப் போகும், 'ம'வில மூணுல ரெண்டு பைட்தான் போகும். பூஜ்ய பைட்டில் இந்தக் கூத்தே வராது.

நண்டுப்பிடி: யூடிஎஃப்-8 பைட்டா என்கோட் பண்ணிட்டு எண்ணணும், அவ்வளவுதானே. அப்படியே தப்பா அனுப்பினாலும் ரஸ்டோட ஃப்ரம்_யூடிஎஃப்8 அங்கேயே பிழைன்னு சொல்லிடும். சோம்பல்ல, சரிபார்க்காத அன்செக்ட் வடிவம் போட்டவங்களுக்கு நான் பொறுப்பில்ல.

ஆண்ட்ராய்டு_அக்கா: ஜேஎன்ஐ (ஜாவாவையும் மத்த மொழி நிரலையும் இணைக்கிற இடைமுகம்) பக்கம் வந்து பாருங்க. கெட்_ஸ்ட்ரிங்_யூடிஎஃப்_சார்ஸ் தர்றது உண்மையான யூடிஎஃப்-8 இல்ல. 2019-ல யூனிகோடில் சேர்ந்த முந்திரி (1/320) குறி வழக்கமா 4 பைட், அங்க 6 பைட்டா வரும். ரஸ்ட் ஏத்துக்காது. சாதாரணத் தமிழ் எழுத்துக்கு வித்தியாசமே தெரியாததால, பழைய கணக்கோலைகளைத் தட்டச்சு பண்ற வரைக்கும் நான் கவனிக்கல. இப்போ பைட் அரேதான் அனுப்புறேன்.

குழாயடி: எதுக்கு இவ்வளவு பாடு? தனி ப்ராசஸ், நடுவுல தரவு போக ஒரு பைப், அதுல ஜேசன் வடிவ உரை. யாரு ஃப்ரீ பண்றதுன்னு கேள்வியே இல்ல.

பழைய_சி_ஆள்: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பைப் பயணமா? கிழிஞ்சுது.

குழாயடி: யார் சொல் சொல்லா அனுப்பச் சொன்னது? பத்தி பத்தியா அனுப்புங்க. நகலெடுக்கிற செலவுக்குப் பயப்படுற ஆளு பைத்தானுக்கு ஏன் வந்தீங்க?

ராம்_தின்னி: 'விடுவி' எழுதிட்டேன், ரெஸ்டைப்பும் மாத்திட்டேன். இப்போ ராம் ஏறல. ஏன்னா முதல் 'விடுவி'யிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட், நிரல் செத்துடுச்சு.

நண்டுப்பிடி: 'விடுவி'க்கு ஆர்க்டைப்ஸ் (உள்ளே போற மதிப்பின் வகை) சொன்னீங்களா? சொல்லலைன்னா சிடைப்ஸ் அந்த எண்ணை சாதாரண இன்ட்டா நினைச்சு 64 பிட் முகவரியை 32 பிட்டா நறுக்கிடும்.

ராம்_தின்னி: சொல்லல.

குழாயடி: பைப் இன்னும் திறந்துதான் இருக்கு தம்பி.