ரொட்டியை நிறுத்திய அம்மாவும் இரண்டு போசணை ஆலோசகர்களும்

ஹட்டனுக்கு அருகில் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளாகின்றன. முதலில் சந்தித்த போசணை ஆலோசகர், ஓட்ஸ், அப்பிள், தவிட்டு அரிசி என அச்சிட்ட தாளொன்றைக் கொடுத்து, மாப்பொருளைக் குறைக்கச் சொன்னதோடு முடித்துக்கொண்டார். எங்கள் லயத்தில் காலையில் வேகுவது கோதுமை மா ரொட்டிதான் என்பதை அவர் கேட்கவே இல்லை.

அம்மாவோ ரொட்டியையும் சோற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, இரத்தச் சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கி மலைக்குப் போனார். நான்காம் நாள், பத்து மணித் தேநீருக்கு முன்பே கை நடுங்கி, வியர்த்து, கூடையோடு நிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரையில் நின்ற அக்கா, தேநீருக்கென்று தாளில் மடித்து வைத்திருந்த சீனியை அவர் வாயில் போட்டிராவிட்டால் என்னவாகியிருக்குமோ!

இரண்டாவது ஆலோசகர் தாள் எதையும் எடுக்கவில்லை. "ரொட்டிக்கு எவ்வளவு மா பிசைவீங்க, அம்மா?" என்று கேட்டார். அம்மா கைகளைக் குவித்து உருண்டையின் அளவைக் காட்ட, அவர் கணக்கிட்டார்: இரண்டு ரொட்டிக்கு 120 கிராம் மா, அதில் ஏறத்தாழ 90 கிராம் மாப்பொருள் (காபோவைதரேற்று), ஐந்து தேநீரில் பத்துத் தேக்கரண்டி சீனி, அது இன்னொரு 40 கிராம். நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைந்தால்தான் அது குறைந்த மாப்பொருள் உணவாம். சோற்றைச் சேர்க்காமலேயே அம்மா அந்த எல்லையில் நின்றார்.

மாப்பொருளைக் குறைப்பதில் ஆலோசகருக்கு மறுப்பில்லை. இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்த அதற்கே சான்றுகள் அதிகம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 அறிக்கையும் கூறுவதாகச் சொன்னார். ஆனால் கிளிக்கிளசைட், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதால், வைத்தியர் மாத்திரையின் அளவை மாற்றிய பின்பே உணவில் கைவைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாப்பொருளை முழுமையாக நிறுத்தினால் என்ன என்று நான் கேட்டதற்கு, ஆறு மாதத்தில் தெரியும் நன்மை ஓராண்டாகும்போது பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது, அம்மாவால் தொடர முடிந்ததையே பார்ப்போம் என்றார்.

முதலில் தேநீர்ச் சீனி போயிற்று. பிறகு இரண்டு ரொட்டி ஒன்றாகி, பக்கத்தில் முட்டையும் போஞ்சிக் கறியும் வந்தன. அம்மா வெறும் தேநீரை இன்றும் முகஞ்சுளித்தே குடிக்கிறார். மூன்று தேக்கரண்டிச் சீனிப் பொட்டலமொன்று மட்டும், மறுபடி கை நடுங்கி வியர்த்தால் எடுக்க, எப்போதும் அவருடைய பையில் இருக்கிறது.