மன்றத்துப் பெட்டியை வெளிப் பக்கத்தில் வைத்தபோது

எங்கள் வாசகர் வட்டத்தின் இணைய மன்றம் எஸ்எம்எஃப் (SMF) என்ற மன்ற மென்பொருளில் ஓடுகிறது. ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா வந்தால் நிகழ்ச்சிகளுக்குத் தனிப் பக்கம் ஒன்று போடுவோம். போன தடவை, மன்றத்தில் இருக்கும் 'புதிய இழைகள்' (அதாவது புதிய உரையாடல்கள்), 'இன்றைய நிகழ்வு' பெட்டிகள் அந்தப் பக்கத்திலும் தெரிய வேண்டும் என்றார்கள். வேலை என்னிடம் வந்தது.

இதற்கென்றே மன்றக் கோப்புறையில் எஸ்எஸ்ஐ.பிஎச்பி (SSI.php) என்ற கோப்பு இருக்கிறது. அதைப் பக்கத்தின் முதல் வரியிலேயே சேர்த்துவிட வேண்டும். நான் நடுவில் சேர்த்தேன். வந்திருப்பவர் யார் என்று அறிய உலாவியில் வைக்கும் சிறு குறிப்பான குக்கீ போகும் முன்பே பக்கம் வெளியே போகத் தொடங்கிவிட்டதால் பிழைச் செய்தி வரிசையாக வந்து நின்றது. கோப்புக்கு இணைய முகவரி கொடுத்தாலும் வேலைக்கு ஆகாது, சர்வரில் உள்ள முழுப் பாதைதான் வேண்டும்.

அப்புறம் நேரம். சர்வர் அமெரிக்க நேரத்தில் இருந்தது. காலையில் கோப்பியோடு உட்கார்ந்து பார்த்தால், 'இன்றைய நிகழ்வு' பெட்டியில் முந்தின நாள் நடந்து முடிந்த கவிதைப் பட்டறை! நிர்வாகப் பக்கத்தில் நேர வித்தியாசத்தைத் திருத்தியதும் சரியானது.

இதெல்லாம் சின்ன விஷயம். பக்கம் மெதுவாகத் திறக்கிறதே என்று, பெட்டியில் வருவதை ஒரு கோப்பில் எழுதிவைத்துப் 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி செய்தேன். இரண்டாம் நாள் இரவு பொருளாளர் அக்கா கூப்பிட்டார். "தம்பி, செயற்குழுவுக்குள்ள பேசுறது வெளிப் பக்கத்துல நிக்குதே?"

போய்ப் பார்த்தேன். மூன்றாவது வரி. உடம்பு முடியாத உறுப்பினர் ஒருவருக்கு நாங்கள் சத்தமில்லாமல் பணம் திரட்டிக்கொண்டிருந்த இழை, அவர் பெயரோடு.

அந்தப் பெட்டி, பார்ப்பவருக்கு மன்றத்தின் எந்தப் பலகைகளில், அதாவது பிரிவுகளில், அனுமதி இருக்கிறதோ அவற்றின் இழைகளைத்தான் காட்டும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் கோப்பு புதுப்பிக்கப்பட்ட நேரத்தில் பக்கத்தைத் திறந்தவர் செயற்குழுக்காரர், மன்றத்தில் உள்நுழைந்தும் இருந்தார். அவருக்குத் தெரிவதை நான் ஊருக்கே எழுதிவைத்துவிட்டேன்.

உடனே கோப்பை அழித்தேன். பெட்டியை அழைக்கும் நிரல் வரியில் எந்தப் பலகைகளிலிருந்து எடுக்கலாம் என்று எண்களைக் கொடுக்க இடம் உண்டு. பொதுப் பலகைகளின் எண்களை மட்டும் கொடுத்தேன். இப்போது எதை மாற்றினாலும், உள்நுழையாத உலாவியில் ஒருமுறை, செயற்குழுக் கணக்கில் ஒருமுறை, மறுபடி உள்நுழையாமல் ஒருமுறை என்று பார்த்த பிறகே விடுகிறேன்.

மறுநாள் மாலை ஈசூனில் அந்த உடம்பு முடியாத உறுப்பினரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பக்கத்தையே பார்த்திருக்கவில்லை. நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.