ஸ்மார்ட் டூத்பிரஷ்ஷுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

சிட்னி (மொழிபெயர்ப்பாளர்), திங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். மேற்குச் சிட்னியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு இரண்டு காரியம் செய்துகொடுக்க வேண்டும். ஒன்று, குடும்பத்தாரின் சம்மதம் கேட்கும் துண்டறிக்கை. மற்றது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டும் ஒரு சின்ன அட்டை. வெள்ளி மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அங்கே இருக்கும் முதியவர்களுக்கு ஸ்மார்ட் டூத்பிரஷ் கொடுக்கப்போகிறார்கள். கைப்பிடிக்குள் அசைவை அறியும் உணரி இருக்கிறது. ஈறில் அழுத்தித் தேய்த்தால் சிவப்பு விளக்கு எரியும். 30 நொடிக்கு ஒருக்கால் சின்னதாக ஒரு தட்டுத் தட்டி அடுத்த பக்கம் போகச் சொல்லும். 2 நிமிடம் ஆனதும் முடிந்தது என்று காட்டும். பிறகு எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் தேய்த்தது என்ற பதிவு புளூடூத் வழியாகத் தாதியின் டேப்லெட்டுக்குப் போய்விடும்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் 14 இடத்தில் வருகிறது. நான் யாழ்ப்பாணத்தில் படித்தது 'பற்தூரிகை'. முன்னால் 'திறன்' போட்டு எழுதிப் பார்த்தேன், மனதுக்கு ஒட்டவில்லை. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 95,000 பேர். இலங்கை, தமிழ்நாடு, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் கலந்துதான் இருக்கிறார்கள். எல்லாருக்கும் விளங்க வேண்டும்.

மதுரை (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்), திங்கள்

அம்மா, வாழ்த்துகள். நல்ல பணி. ஆனால் 'பற்தூரிகை' கூடாது. றகர ஒற்றுக்குப் பின் தகரம் தமிழில் நிற்காது. 'டறலள என்னும் புள்ளி முன்னர்க் கசப என்னும் மூவெழுத்து உரிய' என்று தொல்காப்பியம் நூன்மரபிலேயே சொல்லிவிட்டது. கல் + தூண் கற்றூண் ஆவதுபோல் பல் + தூரிகை பற்றூரிகை என்றுதான் ஆகும். பல்லைத் துலக்குவது பற்றுலக்கி.

இன்னொன்று. தூரிகை ஓவியன் கையில் இருப்பது. வடமொழித் தூலிகாவோடு அதற்கு உறவு சொல்வார்கள். நமக்கு ஏன் அது? பல் துலக்கும் கருவிக்குப் பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் 'நாளந்தி கோல்தின்று' என்கிறார். கோல் தின்பது என்றால் பல்குச்சியை மென்று பல் துலக்குவது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதில் வருவதும் அந்தக் கோல்தான். (அந்த 'வேல்' வேம்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது வேலமரம். வேலங்குச்சியால் பல் தேய்த்தவர்களுக்கு அந்தத் துவர்ப்பு தெரியும்.) ஆகவே என் முன்மொழிவு 'பற்கோல்'. ஸ்மார்ட் என்பதற்குச் சூட்டிகை. சூட்டிகைப் பற்கோல். சுள் என்னும் வேரடியாகச் சுடு, சூடு, சுறுக்கு, சுறுசுறுப்பு, சூட்டிகை எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சென்னை (மென்பொருள் தமிழாக்கம்), செவ்வாய்

ஐயா, இலக்கணத்தில் உங்களோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 'பற்றுலக்கி' என்று பார்த்ததும் நான் 'பற்று', 'உலக்கி' என்றுதான் பிரித்தேன். பற்றூரிகை இன்னும் மோசம், வங்கிப் பற்று வரவு நினைவுக்கு வருகிறது. அம்மாவைச் சேர்த்துவிட்டுக் கலங்கிப்போய் நிற்கும் மகன் கையில் கொடுக்கும் தாள் இது. அவர் ஒரு சொல்லை இரண்டு தடவை படிக்கும்படி வைக்கக்கூடாது. பற்கோல் என்றால் குச்சி என்றே நினைப்பார்கள், மின்சாரத்தில் ஓடுவது தெரியாது. 'பல் துலக்கி' என்று இடம் விட்டு எழுதிவிட்டால் புணர்ச்சிச் சிக்கலே இல்லையே?

ஸ்மார்ட் விஷயத்தில்தான் நாம் உண்மையிலேயே சிதறிக் கிடக்கிறோம். நகரத்துக்குச் 'சீர்மிகு', வகுப்பறைக்குத் 'திறன்மிகு', போனுக்குத் 'திறன்பேசி', சிலருக்குச் 'சூட்டிகைப் பேசி', இன்னும் சிலருக்கு 'நுண்ணறி', 'அறிதிறன்'. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஆறு தமிழ். இருப்பதில் அதிகம் பரவியது திறன்பேசியின் 'திறன்'தான். அதோடு நிற்போம். திறன் பல் துலக்கி.

மெல்போர்ன் (முதியோர் பராமரிப்புப் பணியாளர், ஊர் கோவை), செவ்வாய் இரவு

அக்கா, நான் இதுவரை இந்தக் குழுவில் எழுதியதில்லை. இலக்கணம் எனக்குத் தெரியாது, வேலை தெரியும், அதைச் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு பாட்டி இருந்தார். மறதி நோய். முப்பது வருடம் ஆங்கிலத்தில் அலுவலக வேலை பார்த்தவர், கடைசியில் ஆங்கிலம் போய்விட்டது, தமிழ் மட்டும் மிச்சம். பிரஷ்ஷைக் கொண்டுபோனாலே உதட்டை இறுக்கிக்கொள்வார். பணியாளர்கள் ஆங்கிலத்தில் கெஞ்சுவார்கள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து, பேஸ்ட் வைத்த பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்து, மேலே என் கையை வைத்து, 'பல்லு விளக்கலாமா பாட்டி' என்றேன். அவ்வளவுதான். வாய் தானாகத் திறந்தது. முதல் கால் நிமிடம் அவரே தேய்த்தார். அப்புறம் கை ஓய்ந்ததும் நான் தொடர்ந்தேன். கீழ்க் கடைவாயில் முந்தின நாள் பிஸ்கட் அப்படியே அப்பிக்கிடந்தது. அந்த வாரம் முழுக்கப் பதிவேட்டில் காலை, மாலை இரண்டு கட்டத்திலும் 'பல் துலக்கியாயிற்று' என்று டிக் போட்டிருந்தது.

இந்தப் பிரஷ் வருவது நல்லது என்று நான் நினைப்பது அதனால்தான். டிக் பொய் சொல்லும், இது பக்கம் பக்கமாகக் கணக்குக் காட்டும். ஆனால் மோட்டார் ஓடும் பிரஷ்ஷை முதல் தடவை அப்படியே வாயில் வைத்தால் பயந்து கடித்துவிடுவார்கள். முதலில் ஓடாமல் கையில் கொடுக்க வேண்டும், பிறகு உள்ளங்கையில் வைத்து ஓடவிட்டுக் காட்ட வேண்டும், அப்புறம்தான் வாய். இதைத் துண்டறிக்கையில் ஒரு வரி சேர்க்க முடியுமா? சொல்லுக்கு என் ஓட்டு 'ஸ்மார்ட் பிரஷ்'. குடும்பத்தார் எங்களிடம் அப்படித்தான் கேட்கிறார்கள்.

டொராண்டோ (பல் மருத்துவர்), புதன்

கோவைத் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். வாய்ச் சுத்தம் என்றால் பல் அழகு என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வாயில் சேரும் கிருமி எச்சிலோடும் உணவோடும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகிறது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஜப்பானில் 11 பராமரிப்பு இல்லங்களில் 2 ஆண்டு பார்த்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்காக வாய்ப் பராமரிப்புச் செய்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா, செய்யாதவர்களில் 19 சதவீதம். இதில் மருந்து மாத்திரையால் எச்சில் குறைந்து வாய் உலர்ந்துபோகிறவர்கள் வேறு. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணைக்குழு 2021 மார்ச்சில் 148 பரிந்துரை கொடுத்தது. முதியோருக்குத் தனிப் பல் மருத்துவ உதவித் திட்டம் வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

இனிச் சொல். இந்தக் கருவிக்குத் திறனும் இல்லை, சூட்டிகையும் இல்லை. அது அழுத்தத்தை உணர்கிறது, அசைவை உணர்கிறது, எழுதி வைக்கிறது. 'திறன்' என்று போட்டால் அதுவே பல்லைச் சுத்தமாக்கிவிடும் என்று மகனும் நினைப்பான், பணியாளரும் நினைப்பார். வாயின் எந்தப் பக்கம் என்று அது கணிப்பது, தன் பல்லைத் தானே தேய்க்கிறவரின் கையசைவை வைத்து. எதிரே நின்று இன்னொருவர் தேய்த்துவிட்டால் இடம் வலம் பிழைக்கக்கூடும். பெயரில் அதன் வேலை மட்டும் இருக்கட்டும். 'உணர் தூரிகை'.

மதுரை, புதன்

மருத்துவர் ஐயா, மனம் நிறைந்தது. உணர் தூரிகை வினைத்தொகை. உணர்ந்த, உணர்கின்ற, உணரும் என மூன்று காலமும் அடங்கும். நேற்றுத் தேய்த்ததையும் இன்று தேய்ப்பதையும் ஒருங்கே பதிந்து வைக்கும் கருவிக்கு வேறு எந்தத் தொகை பொருந்தும்? என் சூட்டிகையை விட்டுவிடுகிறேன். 'உள்' என்னும் வேரையும் பாருங்கள். உள், உண், உணவு, உணர், உள்ளம். உள்ளே போவது உணவு, உள்ளே தோன்றுவது உணர்வு. வாய்க்குள் போகும் கருவிக்கு உணர் என்று பெயர் வைப்பதில் மொழியே நமக்கு வழிகாட்டுகிறது என்று தோன்றுகிறது. ஆனால் தூரிகை வேண்டாம். உணர் பற்றுலக்கி.

இடம் விட்டு எழுதினால் சிக்கல் இல்லை என்று சென்னைத் தம்பி சொன்னது சரியில்லை. இடைவெளி அச்சுக்கு. காது இடைவெளியைக் கேட்பதில்லை.

சிங்கப்பூர் (தொடக்கப்பள்ளி ஆசிரியை), புதன்

இங்கே பிள்ளைகளுக்குத் திறன்பேசி பழகிவிட்டது, பாட்டிகளுக்கும் அவர்கள் வழியாகப் பழகிவிட்டது. திறன் என்றே வையுங்கள். உணர் என்று தனியாக நின்றால் பிள்ளைகள் ஏவலாகப் படிக்கிறார்கள், 'நீ உணர்' என்று.

டொராண்டோ, புதன்

அது ஏவல் மாதிரி ஒலித்தாலும் பரவாயில்லை, சுடுநீரைப் பார்த்து யாரும் 'சுடு' என்று கட்டளையிடுவதாக நினைப்பதில்லை.

சிட்னி, வியாழன்

கோவைத் தங்கச்சிக்கு முதலில் நன்றி. உள்ளங்கையில் ஓடவிட்டுக் காட்டும் வரியை இல்லத்தின் தாதி உடனே ஒத்துக்கொண்டு ஆங்கில மூலத்திலேயே சேர்த்துவிட்டார்.

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அட்டையை முழுக்க மாற்றிவிட்டேன். அதில் பெயர்ச்சொல் எதற்கு? வினைச்சொல்தான் வாயைத் திறக்க வைக்கிறது. ஆனால் எந்த வினை? எங்கள் அம்மா 'பல்லு மினுக்கு' என்பார், அப்பா வழியில் 'தீட்டு'. உங்களுக்கு 'விளக்கு'. சென்னையில் 'தேய்', புத்தகத்தில் 'துலக்கு'. எழுபது வருடம் முன்னால் காலையில் கிணற்றடியில் நின்று அம்மா சொன்ன சொல் எதுவோ, அதுதான் அந்தக் காதுக்குப் போகும். அதை நான் இங்கேயிருந்து தீர்மானிக்க முடியாது. ஆகவே அட்டையில் ஒரு வெற்றுக் கோடு விட்டிருக்கிறேன். 'உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டு, மகளோ மகனோ தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒலிப்பை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். நேபாளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த பணியாளர்கள் அதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லலாம். கீழே 'வாயைத் திறங்கோ / திறங்க', 'கொப்பளியுங்கோ / கொப்பளிங்க' இரண்டு வழக்கும் போட்டிருக்கிறேன்.

மிச்சம் துண்டறிக்கைதான்.

மெல்போர்ன், வியாழன்

அக்கா, அந்தக் கோடு அருமை. துப்புவதற்கும் ஒரு கோடு விடுங்கள். பலர் நுரையை விழுங்கிவிடுகிறார்கள், 'துப்புங்க' என்று அவர்கள் சொல்லில் கேட்டால்தான் துப்புவார்கள்.

சென்னை, வியாழன்

மருத்துவர் சொன்ன ஆபத்து எனக்கும் புரிகிறது. இருந்தாலும் நாளைக்குக் குடும்பத்தார் தேடிப் பார்த்தால் 'திறன்' என்று தேடினால்தான் ஏதாவது அகப்படும். பெயரில் தெரிந்த சொல்லை வைத்து, முதல் பத்தியிலேயே 'இது தானாகச் சுத்தம் செய்யாது, தேய்ப்பதை உணர்ந்து பதிவு செய்யும்' என்று எழுதிவிடலாம்.

சிட்னி, வெள்ளி மாலை 4.40

அனுப்பிவிட்டேன். எண்ணிப் பார்த்ததில் திறனுக்குச் சென்னை, சிங்கப்பூர், கடைசியில் நானும் சேர்த்து மூன்று. உணருக்கு மதுரை ஐயாவும் டொராண்டோ அண்ணையும். தங்கச்சியின் ஸ்மார்ட் பிரஷ்ஷுக்கு ஒன்று. முதல் இடத்தில் 'ஸ்மார்ட் டூத்பிரஷ் என்று சொல்லப்படும் திறன் பல் துலக்கி' என்று எழுதி, மற்ற 13 இடத்திலும் 'திறன் பல் துலக்கி' என்று வைத்தேன். சென்னைத் தம்பி சொன்ன வரி முதல் பத்தியில் இருக்கிறது. பதிவை யார் யார் பார்ப்பார்கள், குடும்பம் கேட்டால் காட்டுவார்களா என்று மூலத்தில் தெளிவாக இல்லை. கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் திருத்துவேன். மனம் இன்னும் 'உணர்' பக்கம் இழுக்கிறது. நேரம் இல்லை.

மதுரை, வெள்ளி

நல்லது அம்மா, காரியம் நடக்கட்டும். ஆனால் லகர ஒற்றுக்குப் பின்னும் தகரம் வராது என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். திருத்தப் பதிப்பு வருமானால் 'உணர் பற்றுலக்கி' இன்னொரு முறை பார்க்கப்பட வேண்டும். கோல் பற்றிய நீண்ட கட்டுரையை ஞாயிறு அனுப்புகிறேன்.

மெல்போர்ன், வெள்ளி இரவு

அக்கா, அட்டை நகல் எனக்கும் வேண்டும். எங்கள் தளத்தில் இப்போது தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். இரண்டு பேருக்குப் பல் இல்லை, செட்தான். அதைக் கழற்றி ராத்திரி தண்ணீரில் போட வேண்டும் என்பதற்கும் ஒரு அட்டை செய்வீர்களா? எங்கள் ஊரில் 'பல்செட்டு' என்போம்.

டொராண்டோ, சனி

பல்செட்டு எங்கட ஆட்களுக்கும் விளங்கும். அறிக்கையில் 'கட்டுப்பல்' என்று போடுங்கள். 'பொய்ப்பல்' மட்டும் வேண்டாம், என் நோயாளி ஒருவர் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் வாடினதைப் பார்த்திருக்கிறேன்.