கரட்டில் ஒரு சின்னான், சோலையில் ஒரு தவளை

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

போன ஞாயிறு விடிவதற்குள், அஞ்செட்டிப் பக்கம் என் மாமா ஆடு மேய்க்கும் கரட்டில், அந்தப் பாறைக் குன்றில், ஏறினேன். பாறை இடுக்கில் வேர்விட்ட கல் இச்சி மரம் பழுத்திருந்தது. முதலில் குரல்தான் கேட்டது. வெண்புருவச் சின்னான் என்ற பறவை என்று நினைத்தேன். இங்கே அதுதான் அதிகம். பிறகு கிளை நுனிக்கு வந்தது. கொண்டை இல்லை. தலையும் தொண்டையும் பளிச்சென்று மஞ்சள், மார்பு சாம்பல். மஞ்சள் தொண்டைச் சின்னான்! தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. 1845இல் பறவையியலாளர் ஜெர்டன் விவரித்த இனம், இன்று அழிவாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. கை நடுங்கியதில் படம் எடுக்கவே தோன்றவில்லை. பாறைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

மாமாவிடம் சொன்னேன். “இதுவா? பழம் பழுத்தால் வருமே” என்றார்.

ஒன்பது மணிக்கு எதிர்க் கரட்டில் வெடி வைத்தார்கள். அது கிரானைட் குவாரி. பாதிக் கரடு ஏற்கெனவே இல்லை.

பென்னாகரத்திலிருந்து:

அண்ணா, அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஆடி மாதம் வால்பாறையில், மழைக்காட்டுச் சோலை ஒன்றில், கொட்டும் மழையில், ஆனைமலைப் பறக்கும் தவளையைப் பார்த்தேன். இலைப் பச்சை உடல், விரல்களுக்கிடையே செம்மஞ்சள் சவ்வு. மரத்திலிருந்து தாவும்போது அந்தச் சவ்வை விரித்துத்தான் மிதந்து இறங்கும். 2000இல்தான் அதற்குத் தனி இனமாகப் பெயர் கிடைத்தது. குட்டைக்கு மேலே தொங்கிய இலையில் நுரைக்கூடு இருந்தது. முட்டைகள் அந்த நுரைக்குள் வளர்ந்து, தலைப்பிரட்டைகளாகக் கீழே தண்ணீரில் விழும். நிழல், ஈரம், அடியில் தேங்கிய நீர் மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும்; ஒன்று தவறினாலும் அந்தத் தலைமுறை போயிற்று.

சின்னானுக்குச் சிறகு இருக்கிறது. ஆனாலும் பாறையும் புதரும் சேர்ந்த இடத்தை விட்டு அது வயல்வெளிக்குக் குடிவருவதில்லை. அதனால் எனக்கு அதன்மீதுதான் கவலை அதிகம். சோலையைக் காடு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சிதைந்த இடங்களில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு மீட்கவும் முயல்கிறார்கள். நம் ஊரிலோ ‘சும்மா கிடக்கிற கரடு’ என்கிறோம். அறுத்தெடுத்த கரட்டில் எந்தக் கன்றை நடுவது?

நீங்கள் பார்த்தது ஒன்றா, ஜோடியா? கல் இச்சிப் பழம் தீர்வதற்குள் நானும் வருகிறேன். மாமாவிடம் சொல்லிவையுங்கள்.