இன்ஹேலர் பள்ளியின் பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது: நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது?

நொய்யல்கரை (கோயம்புத்தூர்) கேட்டது:

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. தனியார் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே சளி பிடித்தால் வீசிங் வரும். ஆறு வயதில் மருத்துவர் அதை ஆஸ்துமா என்று உறுதிசெய்து, காலையும் இரவும் தவறாமல் எடுத்துக்கொள்ளத் தடுப்பு இன்ஹேலர் ஒன்றும், இழுப்பு வரும்போது மட்டும் பயன்படுத்தச் சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒன்றும் கொடுத்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றே சால்பியூட்டமாலையும், இன்ஹேலரில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் குழாயான ஸ்பேசரையும், மருத்துவரின் சீட்டையும் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

சென்ற வாரம் பி.டி. வகுப்பில் ஓடி முடித்த சிறிது நேரத்தில் அவளுக்கு இருமல் தொடங்கியிருக்கிறது. ஆசிரியர் உடனே ஒரு தோழியுடன் அவளை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஆனால் இன்ஹேலர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அதன் சாவியை வைத்திருந்த எழுத்தர் வங்கிக்குப் போயிருந்தார். அங்கிருந்தவர்கள் நல்லெண்ணத்துடன் வெந்நீர் கொடுத்து, நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு, என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்க இருந்தாள். "அம்மா" என்றாள், நிறுத்தினாள், மூச்சு வாங்கிக்கொண்டு "சாவி" என்றாள், மறுபடி நிறுத்தி "இல்லையாம்" என்றாள். என் கைப்பையில் எப்போதும் இருக்கும் இன்ஹேலர்தான் அன்றைக்கு உதவியது.

மாணவர் கையில் எந்த மருந்தும் இருக்கக்கூடாது என்பது பள்ளியின் விதி என்கிறார்கள். இதை எப்படி மாற்றச் சொல்வது? பி.டி. வகுப்பை நிறுத்திவிடலாமா? என் மாமியாரோ, பெண் பிள்ளைக்கு இழுப்பு என்று ஊரெல்லாம் தெரியும்படி செய்யாதே என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வைகைக்காரன் (மதுரை) எழுதியது:

சகோதரி, என் மகன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்களும் நோயை மறைத்துத்தான் வைத்திருந்தோம். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பேச்சையும் நம்பினோம். அதனால் நேர்ந்தது என்னவென்றால், வகுப்பில் மூச்சு முட்டினாலும் யாரிடமும் சொல்லாமல் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்ள அவன் பழகிவிட்டான். ஒருநாள் துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் வராது. உங்கள் மாமியாருடைய கவலையை நான் குறை சொல்லவில்லை, அது பாசத்தில் பிறந்ததுதான். ஆனால் குழந்தையைச் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாத நோய்க்கு யாரும் உதவ முடியாது. வகுப்புத் தோழிகள் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். பெரியவர்களைவிட அவர்கள்தாம் முதலில் கவனிக்கிறார்கள்.

குழந்தைநலம் (குழந்தை மருத்துவர், தென்காசி) எழுதியது:

அம்மா, மருந்துகளைப் பூட்டி வைக்கும் விதி பள்ளிகளில் இருப்பது நியாயமே. காய்ச்சல் மாத்திரையோ வலிப்பு மருந்தோ தவறான கைக்குப் போகக்கூடாது. ஆனால் சால்பியூட்டமால் இன்ஹேலர் அந்த வரிசையில் சேராது. தீயணைப்பானை யாரும் அலமாரியில் வைத்துப் பூட்டுவதில்லை.

இழுப்பு வரும்போது மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, உட்சுவர் வீங்குகிறது, சளியும் சேர்கிறது. சால்பியூட்டமால் அந்தத் தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. தடுப்பு இன்ஹேலர் வீக்கத்தை நாள்கணக்கில் மெல்லக் குறைக்கிறது. அதனால்தான் தடுப்பு இன்ஹேலர் வீட்டிலிருந்தால் போதும், சால்பியூட்டமால் குழந்தையின் பக்கத்தில் இருக்க வேண்டும். வெந்நீருக்கும் தைலத்துக்கும் இறுகிய தசையைத் தளர்த்தும் ஆற்றல் இல்லை. அவற்றால் பெரிய கெடுதல் இல்லாவிட்டாலும், அவற்றில் கழியும் நேரம்தான் ஆபத்து.

நிர்வாகம் பெரும்பாலும் அஞ்சுவது, தவறுதலாக வேறொரு குழந்தை அதை அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கே. ஒரு அழுத்தில் வெளிவருவது 100 மைக்ரோகிராம் மருந்து. ஆஸ்துமா இல்லாத குழந்தை ஓரிரு முறை அழுத்தி இழுத்தால் சற்று நேரம் கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம், பிறகு தானாகவே அடங்கிவிடும். இங்கிலாந்தில் 2014 அக்டோபர் முதல், மருத்துவச் சீட்டு இல்லாமலே பள்ளிகள் அவசரத் தேவைக்காக இந்த இன்ஹேலரை வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டமே இடமளிக்கிறது. தலைமையாசிரியரிடம் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

முதலுதவியையும் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் சொல்லித்தரும் முறை நினைவில் நிற்பதற்கு எளிது. குழந்தையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி நான்கு மூச்சு இழுக்கச் சொல்ல வேண்டும். இப்படி நான்கு முறை கொடுத்துவிட்டு நான்கு நிமிடம் காத்திருந்து, சரியாகவில்லையென்றால் மீண்டும் நான்கு. அதற்கும் அடங்காவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதையே தொடர வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமை, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், குழந்தை சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திராமல் உடனே 108-ஐ அழைத்துவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும். உங்கள் மகள் மூன்று சொற்களுக்குள் இரண்டு முறை நின்றாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது லேசான இழுப்பு அல்ல. இன்னொன்று, விசில் சத்தம் நின்றுவிட்டதால் இழுப்பு நின்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காற்றே உள்ளே போகாத அளவுக்குக் குழாய்கள் இறுகினாலும் சத்தம் நின்றுவிடும்.

பி.டி. வகுப்பை நிறுத்த வேண்டாம். ஓடிய பிறகு இழுப்பு வருகிறதென்றால் பெரும்பாலும் தடுப்பு மருந்து போதவில்லை, அல்லது இழுக்கும் முறை சரியில்லை என்றே பொருள். ஸ்பேசரையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், அவர் எதிரிலேயே அவளை மருந்தை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். விளையாடுவதற்கு 15 நிமிடம் முன்பு சால்பியூட்டமால் தேவையா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். அளவுகள் யாவும் அவர் கைப்பட எழுதிய ஒரே பக்கத் தாளில் இருக்கட்டும்.

சாக்பீஸ் (ஆசிரியை, திருச்சிராப்பள்ளி) எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு பள்ளிக்குள்ளிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பள்ளியிலும் இன்ஹேலர் அலுவலகத்தில்தான் இருந்தது. ஒருநாள் நானே இரண்டாம் மாடியின் கடைசி வகுப்பறையிலிருந்து அலுவலகம்வரை, மூச்சு வாங்கும் குழந்தை நடக்கும் வேகத்தில், படிக்கட்டில் நின்று நின்று நடந்து பார்த்தேன். ஏழு நிமிடம் ஆயிற்று. அந்த ஏழு நிமிடத்தைச் சொன்ன பிறகுதான் தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீங்களும் விதி தவறு என்று தொடங்காமல், அந்தத் தூரத்தை அவர்களோடு சேர்ந்து நடந்து பாருங்கள்.

நாங்கள் செய்த ஏற்பாடு இதுதான். குழந்தையின் இன்ஹேலரும் ஸ்பேசரும் பெயர் எழுதிய ஒரு ஜிப் பையில் வகுப்பாசிரியரின் மேசை இழுப்பறையில் பூட்டில்லாமல் இருக்கும். பி.டி. வகுப்புக்கும் சுற்றுலாவுக்கும் அந்தப் பை குழந்தையுடனே போகும். மருத்துவரின் தாளின் நகல் ஒன்று இழுப்பறையிலும் மற்றொன்று பி.டி. ஆசிரியரிடமும் இருக்கும். எப்போது எத்தனை அழுத்து கொடுத்தோம் என்பதை டைரியில் எழுதி அன்றே பெற்றோருக்குத் தெரிவிப்போம். மாற்று ஆசிரியர் வரும் நாள்தான் இந்த ஏற்பாட்டின் பலவீனம். அன்றைக்கு வகுப்புத் தலைவி அவரிடம் பையைக் காட்ட வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம்.

இழுப்பைத் தூண்டுவனவற்றையும் பாருங்கள். குழந்தைகள் உள்ளே இருக்கும்போதே உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது, டஸ்டரைச் சன்னலில் தட்டுவது, மைதான ஓரத்தில் சருகு கொளுத்துவது, வழிபாட்டுக்கு ஊதுபத்தி ஏற்றுவது ஆகியவையெல்லாம் காசு செலவில்லாமல் மாற்றக்கூடியவை. எங்கள் ஆயாம்மா இப்போது மாலையில் எல்லாரும் போன பிறகு ஈரத் துணியால் துடைக்கிறார். பருவமழைக் காலத்தில் சளிக் காய்ச்சல் வகுப்பு முழுவதும் பரவும்போது மட்டும் நம்மால் அதிகம் செய்ய முடிவதில்லை. அந்த வாரங்களில் தடுப்பு மருந்து ஒரு வேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று தலைமையாசிரியையைச் சந்தித்து, மைதானத்திலிருந்து அலுவலகம்வரை அவருடன் நடந்தேன். பாதி வழியிலேயே, வகுப்பாசிரியையின் மேசையில் வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எழுத்துப்பூர்வமான சம்மதக் கடிதமும் மருத்துவரின் தாளும் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். மாமியாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும்: ஜூன் மாதம் கொடுத்த இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழந்தைநலம் எழுதியது:

எண்காட்டி உள்ள இன்ஹேலர் என்றால் அதிலேயே தெரியும். இல்லாவிட்டால், பெரும்பாலானவற்றில் 200 அழுத்துகள் இருக்கும். ஆசிரியை சொன்ன டைரிக் குறிப்பைக் கொண்டு கழித்துக்கொண்டே வாருங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையை நம்ப வேண்டாம். காலாவதித் தேதியையும் பாருங்கள். பல வாரங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்ததைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் ஓரிரு முறை காற்றில் அழுத்திவிட வேண்டும். ஸ்பேசரை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வாங்கிவந்து, சோப்பு கலந்த நீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். துடைத்தால் உட்புறத்தில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.