பெயின்ட் வாளியில் தக்காளி: கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் மூன்றில் தக்காளி வைத்தேன். வாளிகளை நன்றாகக் கழுவினேன். அதோடு என் புத்திசாலித்தனம் முடிந்தது. அடியில் ஓட்டை போடாமல், 2 அங்குலத்துக்கு ஜல்லி கொட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கியது. இலை வாடியதைப் பார்த்து, தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினேன்! பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகி, கொழகொழவென்று ஒரே நாற்றம்.

சரி, மூன்றிலும் ஓட்டை போட்டு, ஜல்லியை எடுத்துவிட்டு, தேங்காய் நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த புது மண்ணில் மறுபடி நட்டேன். இரண்டு தேறிவிட்டன.

மூன்றாவதுதான் சிக்கல். அது கறுப்பு வாளி. மத்தியான வெயிலில் தொட்டால் கை சுடுகிறது, செடியும் துவண்டு போகிறது. வெளியே வெள்ளை அடிக்கலாமா, ஈரச் சாக்கைச் சுற்றலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், வேர் அழுகிய பழைய மண்ணைக் குவித்து வைத்திருக்கிறேன். வெயிலில் காயவைத்தால் மறுபடி பயன்படுமா, கொட்டிவிட வேண்டியதுதானா? கொட்ட மனசு வரவில்லை.